ஒரே தாளில் மூன்று ரயில்: வெளியாட்கள் வரையும் நகர ரயில் வரைபடங்கள்

வரைகோல் | திங்கள், இரவு 9.14

பகலில் கட்டட வரைபட வேலை, இரவில் ரயில் வரைபட வேலை. நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. சென்னையின் புறநகர் மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே ஏ3 தாளில் அடக்கப் பார்த்திருக்கிறேன். இணைத்திருப்பது ஆறாம் பதிப்பு.

இந்தப் பைத்தியம் தொடங்கியது சென்ட்ரலில். அந்த ஓர் இடத்தைச் சுற்றி எத்தனை நிலையப் பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெளியூர் வண்டிக்கு சென்ட்ரல். அதன் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் வளாகம். சாலைக்கு எதிர்ப்புறம் தாம்பரம் வண்டிக்குப் பூங்கா. பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர். தரைக்கடியில் சென்ட்ரல் மெட்ரோ. ஊருக்குப் புதியவர் பூங்காவும் பூங்கா நகரும் ஒன்றுதான் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? என் படத்தில் ஐந்தையும் ஒரே சாம்பல் பட்டைக்குள் போட்டு, நடந்து போகும் வழிகளைப் புள்ளிக்கோடாகக் காட்டியிருக்கிறேன்.

தன் வண்டி ஓடும் இடம் மட்டும்தான் ஊர் என்று நினைப்பது எல்லா நாட்டு ரயில் நிர்வாகங்களுக்கும் பொதுவான குணம். அந்த வேலியைத் தாண்டிப் போகிற படங்கள் வெளியாட்கள் கையிலிருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு. உங்கள் ஊரில் எப்படி? நீங்கள் பையில் வைத்திருப்பது யார் வரைந்த படம்? என் படத்தில் தவறு இருந்தால் தயவு பார்க்காமல் சொல்லுங்கள்.

---

தேம்ஸ்கரை | திங்கள், இரவு 11.52

வணக்கம். படம் நன்றாக விளங்குகிறது. லண்டனில் இருபது வருடம் இருப்பவள் என்ற முறையில் சில விடயங்கள்.

இங்கே சுரங்கப் புகையிரதப் படத்தைப் பார்த்தால் தேம்ஸ் நதிக்குத் தெற்கே மனிதர் வசிக்கவில்லை என்றுதான் தோன்றும். தெற்கில் வேறு நிறுவனங்களின் புகையிரதங்கள் நிறையவே ஓடுகின்றன, ஆனால் அவை வேறு படத்தில் இருக்கும். ஊரின் நடுவால் வடக்கு தெற்காகப் போகும் தேம்ஸ்லிங்க் தடமே பல வருடம் காணாமல் போயிருந்து, 2020 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. அந்த இடைவெளி முழுவதும் அதை ஆர்வலர்கள்தான் தங்கள் படங்களில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

இன்னொன்று தூரம். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கொவென்ட் கார்டனுக்கும் இடையில் வெறும் 260 மீட்டர். இந்தத் தொகுதியிலேயே மிகக் குறுகிய இடைவெளி அதுதான். படத்தில் மற்ற இடைவெளிகளைப் போலவே தெரியும். நான் வந்த புதிதில் பெரிய பெட்டியோடு படியிறங்கி, வண்டி பிடித்து, மின்தூக்கிக்கு வரிசையில் நின்று மேலே வந்தேன். வெளியே வந்து திரும்பினால் புறப்பட்ட தெருமுனை ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரிகிறது. யாரையும் திட்டவில்லை, புத்தி என்னுடையது.

நில அளவுக்குச் சரியான படம் ஒன்று நிர்வாகத்திடமே இருந்தது. ஒருவர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட பிறகு 2015இல் வெளியே வந்தது. அதுவரை வெளியாட்கள் வரைந்தவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் "வெளியாட்கள்" என்றதும் ஹாரி பெக்கைச் சொல்லாமல் விட முடியாது. இன்று உலகமே நகலெடுக்கும் லண்டன் படத்தை அவர் 1931இல் யாரும் கேட்காமல், தன் சொந்த நேரத்தில் வரைந்தார். சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராக இருந்தவர். முதலில் "இது மிகப் புரட்சிகரமானது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1932இல் 500 பிரதி அச்சிட்டுச் சோதித்தார்கள், 1933 ஜனவரியில் சட்டைப்பை அளவில் வெளியிட்டார்கள். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அவரே திருத்திக்கொண்டிருந்தார். 1960இல் பார்த்தால் படம் வேறொருவர் பெயரில் வந்திருக்கிறது, கோடுகள் எல்லாம் முட்டி மோதுகின்றன. பெக் வருடக்கணக்கில் கடிதம் எழுதிச் சண்டை பிடித்தார். 1974இல் இறந்துபோனார். அவர் பெயர் இப்போது படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

---

தண்டவாளத்தார் | செவ்வாய், காலை 6.05

பெக் புராணம் கேட்டுக் காது புளித்துவிட்டது அம்மா. நேர்க்கோட்டுப் படம் அவர் மூளையில் மட்டும் முளைத்ததல்ல. ஜார்ஜ் டவ் என்பவர் லண்டனுக்கு வடகிழக்கே ஓடிய எல்.என்.இ.ஆர். ரயில்வேக்கு 1929லேயே அப்படி வரைந்துவிட்டார். பெர்லினிலும் அதே காலத்தில் வந்தது. பெக் செய்தது அதைச் சிக்கலான ஓர் ஊருக்குப் பொருத்திக் காட்டியது. அது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை.

அவர் கோடு இழுத்த அதே 1931இல்தான் நம் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கும் யாராவது அப்போது படம் வரைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரைகோல் தம்பிக்கு ஒரு கேள்வி. முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் இருந்தவன் கேட்கிறேன். அச்சடித்த கால அட்டவணையில் ஒரு நிமிடம் தவறாக இருந்தால் எங்களிடம் விளக்கம் கேட்பார்கள். உங்கள் படத்தில் தவறு இருந்தால் யாரிடம் கேட்பது? ஆர்வம் வேறு, பொறுப்பு வேறு.

---

கோணமானி | செவ்வாய், காலை 10.31

பொறுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம் ஐயா, முதலில் கோணத்தைப் பற்றி.

வரைகோல், உங்கள் படம் முழுக்க எண்திசைக் கோடுகள். கிடை, நெடுக்கு, 45 பாகைச் சாய்வு, அவ்வளவுதான். பெக் செய்தார் என்பதற்காக உலகமே அதை வேதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கும் மேக்ஸ்வெல் ராபர்ட்ஸ் இதைத்தான் உடைத்துப் பார்த்தார். பாரிஸ் மெட்ரோவை ஒரு நேர்க்கோடுகூட இல்லாமல், வெறும் வளைவுகளால் வரைந்தார். பாரிஸ் தடங்கள் பாம்பு மாதிரி நெளிபவை. எட்டுத் திசைக்குள் அடைத்தால் ஒவ்வொரு தடமும் ஏழெட்டு இடத்தில் முறியும், கண் ஒவ்வொரு முறிவிலும் இடறும். வளைவில் வழுக்கிக்கொண்டு போகும்.

அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் கலை. அவர் ஆட்களை உட்கார வைத்து, இந்த நிலையத்திலிருந்து அந்த நிலையத்துக்கு வழி கண்டுபிடியுங்கள் என்று நேரம் அளந்தார். அதிகாரபூர்வப் படத்தைவிட வளைகோட்டுப் படத்தில் வேகமாகக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது வந்த விடைக்கும் எதில் வேகமாக இருந்தார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே இந்த இழையில் "அழகாக இருக்கிறது", "விளங்குகிறது" என்று வரும் பாராட்டுகளை ஓரமாக வையுங்கள். நாலு பேரிடம் கொடுத்து நேரம் பாருங்கள்.

பெக்கும் பாரிசுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தார். பாரிஸ்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அது ஒன்றுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்று சொல்ல வந்தேன், வேண்டாம், சண்டையாகிவிடும்.

---

சிராங்கூன்காரி | செவ்வாய், மதியம் 1.20

சிங்கப்பூரிலிருந்து. எங்கள் பெருவிரைவு ரயிலில் வட்டப் பாதை என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் வட்டம், படத்தில் பல காலம் கோணல்மாணலாக நசுங்கிய வளையம். எத்தனையோ ஆர்வலர்கள் அதை ஒழுங்கான வட்டமாகப் போட்டு, மற்ற தடங்களை அதைச் சுற்றி அடுக்கி, சொந்தப் படங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 டிசம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் புதிய படத்தை வெளியிட்டது. பார்த்தால் வட்டம் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது! ஹார்பர்ஃபிரண்ட்டுக்கும் மரீனா பேக்கும் நடுவே அப்போது தடமே கிடையாது, வட்டம் மூடவில்லை. ஆனாலும் படத்தில் அதன் வடிவம் தெரிந்துவிட்டது. யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடைப் பலகைகளில் தமிழ் இருக்கிறது என்பது எங்களுக்குப் பெருமை. வரைகோல் அண்ணா, உங்கள் படத்தில் தமிழ் எழுத்து மிகப் பொடியாக இருக்கிறது. "பரங்கிமலை" படிக்க என் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது.

---

பழைய_அட்லஸ் | செவ்வாய், மாலை 6.47

தண்டவாளத்தார் ஐயாவுக்கு. அதிகாரபூர்வம் என்றால் நம்பலாம் என்று சொல்ல வருகிறீர்கள். பெர்லின் படங்களைச் சேகரிப்பவன் நான். 1961இல் சுவர் எழும்பியபின் மேற்கு பெர்லினின் யூ6, யூ8 என்ற சுரங்க ரயில் தடங்கள் கிழக்கு பெர்லினுக்கு அடியில் புகுந்து மறுபடி மேற்கில் வெளிப்பட்டன. நடுவிலிருந்த நிலையங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றில் வண்டி நிற்காது. மங்கலான விளக்கு, மேடையில் காவலர், அவ்வளவுதான். பேய் நிலையங்கள் என்று பெயர். மேற்கின் படத்தில் அவற்றுக்கு "வண்டிகள் நிற்காத நிலையங்கள்" என்று ஒரு குறி. பிற்காலக் கிழக்குப் படங்களில் மேற்கின் தடங்கள் இல்லவே இல்லை. காலடியில் வண்டி போகும் அதிர்வு கேட்கும், படத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டும் முத்திரை பெற்ற படங்கள்தான் ஐயா.

---

தண்டவாளத்தார் | செவ்வாய், இரவு 8.02

அரசியலுக்காக மறைப்பது வேறு, அளக்காமல் வரைவது வேறு. நான் கேட்டது இரண்டாவதை.

---

ஃப்ளஷிங்_தோசை | புதன், காலை 7.38

நியூயார்க். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போக 7ஆம் எண் வண்டியின் கடைசி நிலையத்தில் இறங்க வேண்டும். கோயில் உணவகத்துத் தோசைக்காகவே போகிறவர்கள் உண்டு, என்னையும் சேர்த்து.

இங்கே நடந்த சண்டையைக் கேட்டால் உங்கள் கோணச் சண்டை ஒன்றுமே இல்லை. 1972இல் மாசிமோ விக்னெல்லியின் படம் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிறக்கோடு, எல்லாம் எண்திசை. வடிவமைப்பாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். சென்ட்ரல் பார்க் நீளவாக்கில் கிடக்கும் பூங்கா, படத்திலோ சாம்பல் நிறச் சதுரம். தண்ணீர் பழுப்பு. பிராட்வே தடத்தின் 50ஆம் தெரு நிலையம் எட்டாவது அவென்யூவுக்குக் கிழக்கே இருப்பது, படத்தில் மேற்கே போய்விட்டது. லண்டனில் தெரு வளைந்து நெளியும், திசை தெரியாது, யாருக்கும் கோபம் வராது. மன்ஹாட்டனில் தெருவுக்கெல்லாம் எண் இருக்கிறது. ஒரு தெரு தப்பிப் போனால் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். 1979இல் தூக்கிவிட்டு, நிலப்படம் மாதிரி ஒன்றைக் கொண்டு வந்தார்கள்.

இரண்டும் பிடிக்காத எடி ஜாபூர் என்ற வடிவமைப்பாளர் இரண்டையும் கலந்து "கிக் மேப்" என்று ஒன்றைச் சொந்தமாக வரைந்தார். நிர்வாகம் வேண்டாம் என்றது. அலைபேசிச் செயலியாக வெளியிட்டுவிட்டார், சனம் இறக்கிக்கொண்டது. 2025 ஏப்ரலில் நிர்வாகமே மறுபடி நேர்க்கோட்டுப் படத்துக்குத் திரும்பியது. விக்னெல்லி 2014இலேயே போய்விட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

---

மூன்றாம்படி | புதன், இரவு 9.55

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். வரைகோல் அவர்களே, பாராட்ட வரவில்லை.

போன வாரம் என் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அலைபேசியில் உங்கள் ஆறாம் பதிப்பு. ஒரு புறநகர் நிலையத்தில் இறங்கி மெட்ரோவுக்கு மாற வேண்டும். புள்ளிக்கோட்டின் மேல் "5 நிமிடம்" என்று போட்டிருந்தீர்கள். இறங்கினால் மேம்பாலப் படி. ஏறி, இறங்கி, சாலை கடந்து, மறுபடி படி. அம்மா ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். 25 நிமிடம் ஆயிற்று. மருத்துவர் பார்க்கும் நேரம் தவறி, இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

எந்த நிலையம் என்று உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இங்கே போட்டால் வேறு சண்டை தொடங்கும். படி கட்டியவர்களிடம் எனக்கு இப்போது கேள்வி இல்லை. அந்த "5" எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

---

தண்டவாளத்தார் | புதன், இரவு 10.10

நான் கேட்டது இதைத்தான்.

---

கோணமானி | புதன், இரவு 10.24

ஒரு தனி மனிதர் இலவசமாகச் செய்த வேலையை இப்படியா பிடித்து உலுக்குவது? ஐயாவின் ரயில்வே முப்பத்து நான்கு வருடத்தில் அந்த ஐந்து நிலையங்களையும் ஒரு தாளில் போட்டுக் கொடுத்ததா? முதலில் அதற்கு விளக்கம் கேளுங்கள்.

---

மட்டுறுத்துநர் | புதன், இரவு 10.41

கோணமானி, பேச்சு படத்தைப் பற்றி இருக்கட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். இதற்குக் கீழே வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வரைகோல் பதில் சொல்லட்டும்.

---

தேம்ஸ்கரை | வியாழன், அதிகாலை 2.16

கோணமானி, இலவசம் என்பதால் விளைவு இல்லாமல் போகாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜான் குவோ 2011இல் லண்டன் பயணிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். எந்த வழியால் போவது என்று முடிவெடுக்கும்போது உண்மையில் ஆகும் நேரத்தைவிடப் படத்தில் தெரியும் தூரத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம், ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தத் தடத்தில் தினமும் போய் வருகிறவர்களும் தங்கள் அனுபவத்தைவிடப் படத்தையே நம்புகிறார்கள். கோடு போடுகிறவர் கையில் அவ்வளவு இருக்கிறது. வரைந்தவர் அரசாங்கமா, தனி ஆளா என்று அந்த அம்மாவின் முழங்காலுக்குத் தெரியாது.

---

வரைகோல் | வியாழன், காலை 5.50

இரவு தூக்கமில்லை.

அக்கா, அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே அளவுகோலை இழுத்தேன். 380 மீட்டர் வந்தது. என் நடை வேகத்தால் வகுத்தேன். அந்த இடத்தில் நான் நடந்ததே இல்லை. படத்திலுள்ள பதினொரு புள்ளிக்கோடுகளில் நானே நடந்து பார்த்தவை நான்கு. மீதி ஏழும் மேசையில் பிறந்தவை. உங்களிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டட வரைவாளன் நான். படிக்கட்டு வரையாமல் ஒரு மாடியைக்கூட அனுமதிக்கு அனுப்ப மாட்டேன். ரயில் படத்தில் மட்டும் ஊர் தட்டையாக இருக்கிறது என்று எப்படி நினைத்தேன்?

தண்டவாளத்தார் ஐயா கேட்டதும் சரி. 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்தியபோது, என் மூன்றாம் பதிப்பை அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் வண்டி திரும்ப ஓடும்வரை அந்தத் தாள்கள் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் பொய் சொல்லிக்கொண்டு ஒட்டியிருந்தனவோ. அதிலே தேதிகூடப் போடவில்லை.

ஆறாம் பதிப்பின் இணைப்பை எடுத்துவிட்டேன். ஏழாம் பதிப்பில் நானோ வேறு யாரோ நடந்து பார்க்காத புள்ளிக்கோடு இருக்காது. ஓரத்தில் தேதி இருக்கும், தவறு சொல்ல ஒரு முகவரி இருக்கும். படிகளை எப்படிக் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. எண்ணிக்கை போட்டால் படம் எறும்பு மொய்த்தது போல ஆகிவிடுகிறது.

---

தேம்ஸ்கரை | வியாழன், காலை 11.30

இங்கே அதிகாரபூர்வப் படத்திலேயே இப்போது நிலையங்களுக்கு இடையே புள்ளிக்கோடு போடுகிறார்கள். அதன் பொருள் "பத்து நிமிடத்துக்குள் நடக்கலாம்" என்பது மட்டும். தனித்தனி நிமிடக் கணக்கு அதில் இல்லை. படியில்லாமல் போகக்கூடிய நிலையங்களுக்குச் சக்கர நாற்காலிக் குறி உண்டு. குறியில் இரண்டு நிறம்: தெருவிலிருந்து வண்டிக்குள் வரை படியில்லாமல் போகலாமா, தெருவிலிருந்து மேடை வரை மட்டுமா என்று பிரித்துக் காட்டுகிறது. நீங்களும் படியின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, படி உண்டா இல்லையா என்று மட்டும் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கையும். அவர்கள் படத்தை அப்படியே நகலெடுக்க வேண்டாம். 2006இல் நிலையப் பெயர்களின் எழுத்துகளை இடம் மாற்றி வேடிக்கையாக ஒருவர் போட்ட படத்தையே வழக்கறிஞர் கடிதம் அனுப்பி இறக்க வைத்தார்கள்.

---

சிராங்கூன்காரி | வியாழன், மதியம் 12.48

ரயில் இல்லை, மன்னிக்கவும், ஆனால் பொருந்தும். நைரோபியில் மட்டாட்டு என்கிற சிற்றுந்துகளுக்குப் படமே கிடையாது. நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் கையில் அலைபேசியோடு ஒவ்வொரு தடத்திலும் ஏறி, எங்கெங்கே நிற்கிறது என்று பதிந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. 2014இல் படம் வந்தது, நகர நிர்வாகமே அதைத் தன் படமாக ஏற்றுக்கொண்டது. மேசையில் செய்திருந்தால் ஏற்றிருப்பார்களா?

அண்ணா, ஏழு இடங்களைப் பிரித்துக் கொடுங்கள். சென்னைக்காரர்கள் இந்த இழையில் எத்தனை பேர் சும்மா படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

---

மூன்றாம்படி | வியாழன், மாலை 5.33

நீங்கள் உடனே ஒப்புக்கொண்டதால் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி படிக்கட்டின் மேல். ஒன்று சொல்லலாமா? நிமிடம் போடுவதாக இருந்தால் இரண்டு எண்ணாகப் போடுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அம்மாவுக்கு.

---

கோணமானி | வியாழன், மாலை 6.15

நேற்று எழுதியது அதிகப்படி. ஐயா மன்னிக்க வேண்டும். கிண்டியையும் எழும்பூரையும் நான் பார்த்துச் சொல்கிறேன். கோடுகள் வளையத்தான் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

---

தண்டவாளத்தார் | வியாழன், இரவு 7.20

மன்னிப்பெல்லாம் எதற்கு. ரயில்வேயில் இதைவிடக் காரமாகக் கேட்டிருக்கிறேன்.

வரைகோல் தம்பி, இரண்டாவது எண்ணுக்கு ஆள் தேட வேண்டாம். எனக்கு 71 வயது, இடது முழங்கால் சரியில்லை, அவசரப்படுத்தினால் நின்றுவிடுவேன். உங்களுக்கு வேண்டிய அளவுகோல் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்கா நகர் படிக்கட்டின் கீழே நிற்பேன். அங்கிருந்து பூங்கா, மூர் மார்க்கெட் வளாகம், மெட்ரோ என்று ஒவ்வொன்றாகப் போவோம். நிறுத்துக் கடிகாரம் நீங்கள் கொண்டு வாருங்கள். நடுவில் தேநீர் குடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

---

வரைகோல் | வியாழன், இரவு 7.31

ஐயா, ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறேன்.